ஹாட் காஃபி விவகாரம்: டிஸ்கில் இருந்ததை யார் சொல்லியிருக்க வேண்டும்?

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். அந்தக் கேமின் நாயகன், நாம் எல்லோரும் சிஜே என்று கூப்பிட்ட கார்ல் ஜான்சன், தன் காதலியைச் சாப்பிடவோ டான்ஸுக்கோ கூட்டிப்போய்விட்டுத் திரும்ப அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். பழக்கம் கொஞ்சம் முற்றியிருந்தால் அவள் காபி சாப்பிட உள்ளே வா என்பாள். இருவரும் உள்ளே போவார்கள், கதவு சாத்திக்கொள்ளும், கேமரா தெருவிலேயே நிற்கும், உள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான். 2004 அக்டோபர் 26 அன்று வட அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு வந்த கேமில் வாங்கியவர்கள் பார்த்தது இதைத்தான், அதற்கு முன்னால் எந்த வயதினருக்கு ஏற்றது என்று ரேட்டிங் கொடுத்த அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி வாரியத்துக்குக் காட்டப்பட்டதும் இதுதான்.

கதவுக்கு உள்ளே நடப்பதும் அதே டிஸ்கில் இருந்தது. பட்டனை அழுத்திச் சிஜேயை இயக்கும் ஒரு பாலுறவு மினி கேம், முழுதாகச் செய்து முடித்த அனிமேஷனோடு, நிர்வாணப் பெண் உருவங்களுக்கான படக்கோப்புகளோடு. அதைத் தயாரித்து, பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்து, அழிக்காமல், அதற்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேம் செய்பவர்களைக் கேட்டால் அழிக்காமல் விடுவது வழக்கம்தான் என்பார்கள், அது உண்மையும்கூட. இவ்வளவு பெரிய கேமில் ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் துண்டுகளில் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கடைசி வாரங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றைப் பிடுங்கினால் சம்பந்தமே இல்லாத இடத்தில் வேறொன்று உடையும், எல்லாவற்றையும் முதலிலிருந்து டெஸ்ட் செய்ய வேண்டும். அதனால் கூப்பிடும் இடத்தை மட்டும் துண்டித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். இதில் எனக்குக் குறை இல்லை. அப்படி விட்டதை ரேட்டிங் கொடுப்பவர்களிடம் சொன்னார்களா என்பதுதான் இந்த வழக்கில் என் கேள்வி. சொல்லவில்லை.

2005 ஜூன் 7 அன்று பிசி பதிப்பு வந்தது. சில நாட்களுக்குள் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாடர், அதாவது கேமின் கோப்புகளை ஆசைக்காக மாற்றிப் பார்க்கும் ஒருவர், வேறு சிலரின் உதவியோடு, அடைத்த வழியைத் திறக்கும் சின்ன மாட் (கேமை மாற்றும் கோப்பு) ஒன்றை இலவசமாக வெளியிட்டார். அதற்கு ஹாட் காஃபி என்று பெயர். காட்சியை அவர் வரையவில்லை, குரல் சேர்க்கவில்லை. மறைத்திருந்ததை ஓடவைத்தார். இதை அவர் அப்போதே திரும்பத் திரும்பச் சொன்னார், ஆனால் முதல் சில வாரங்களுக்கு அவர் பேச்சு எடுபடவில்லை.

ஏன் என்றால், கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் கேம்ஸ் ஜூலையில் கொடுத்த அறிக்கை, இது ஹேக்கர்கள் கேமின் புரோகிராமைப் பெரிய அளவில் மாற்றியதால் உருவான காட்சி என்றது. படிப்பவர்களுக்கு என்ன தோன்றும்? யாரோ வெளியாள் புதிதாக ஒன்றைச் செய்து ஒட்டியிருக்கிறான் என்றுதான் தோன்றும். எனக்கு இந்த விவகாரத்தில் இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான். மறைத்ததைக்கூட அவசரத்தில் நடந்த தவறு என்று ஒத்துக்கொள்ளலாம், ஆனால் தன் டிஸ்கில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு நிறுவனம், சம்பளம் வாங்காமல் ஆசைக்காகக் கேமைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தனி மனிதர் மேல் பழியைத் தூக்கிப் போட்டது அவசரத்தில் நடந்ததாக இருக்க முடியாது.

அந்தக் கதை நிற்கவில்லை, அதை உடைத்தது பிளேஸ்டேஷன் 2. பிசியில் இருக்கும் கோப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் ஹேக்கர் வேலை என்றால் நம்ப இடமிருக்கிறது. கன்சோல் டிஸ்க் அப்படி இல்லை, ஃபேக்டரியில் அச்சடித்தது அச்சடித்ததுதான், அதில் வெளியிலிருந்து எதையும் எழுத முடியாது. ஆக்‌ஷன் ரிப்ளே போன்ற சீட் கருவிகள் கன்சோலின் மெமரியில் சில எண்களை மாற்றும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. அந்தக் கருவியில் சில சீட் எண்களைப் போட்டதும் மாதக்கணக்காகக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த அதே பிளேஸ்டேஷன் டிஸ்கிலிருந்து அதே காட்சி வந்தது. அதற்கப்புறம் யார் செய்தது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

இதற்குள் விஷயம் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அப்போது நியூயார்க் செனட்டராக இருந்த ஹிலரி கிளின்டன் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி விசாரிக்க வேண்டும் என்று ஜூலை நடுவில் கேட்டார். ஜூலை 20 அன்று ஈஎஸ்ஆர்பி தன் ரேட்டிங்கை எம்-இலிருந்து ஏஓ-வுக்கு மாற்றியது. ஜூலை 25 அன்று பிரதிநிதிகள் சபை 355-க்கு 21 என்ற கணக்கில் விசாரணை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆஸ்திரேலியாவில் கேம்களுக்கு அன்று 18 வயது பிரிவே கிடையாது, அது 2013-இல்தான் வந்தது, அதனால் அங்கே வகைப்பாட்டையே ரத்து செய்து விற்பனையை நிறுத்தினார்கள்.

இந்த எம், ஏஓ விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எம் என்றால் 17 வயதும் அதற்கு மேலும். ஏஓ என்றால் 18 வயதும் அதற்கு மேலும். ஒரே ஒரு வயது வித்தியாசம். ஆனால் ஏஓ விழுந்த கேமை வால்மார்ட், டார்கெட், பெஸ்ட் பை போன்ற பெரிய கடைகள் அலமாரியில் வைக்காது, சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் நின்டென்டோவும் தங்கள் கன்சோலில் அனுமதிக்காது. அதனால் 17-இலிருந்து 18-க்குப் போவது பேப்பரில் ஒரு வருஷம், வியாபாரத்தில் கேம் கடையைவிட்டே வெளியே போவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த மினி கேமை ஏன் அடைத்தார்கள், ஏன் வாரியத்திடம் வாய் திறக்கவில்லை, மாட்டிக்கொண்டதும் ஏன் ஹேக்கர் என்றார்கள் எல்லாம் புரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே கேமில் வழியில் போகிறவர்களைச் சுடலாம், கார் ஏற்றிக் கொல்லலாம், போலீஸ்காரரை வெட்டலாம், அதற்கெல்லாம் எம் போதும் என்று முன்பே முடிவாகியிருந்தது. இருவர் சம்மதத்தோடு படுக்கையில் இருக்கும், அதுவும் சிஜே உடையைக்கூடக் கழற்றாத ஒரு கரடுமுரடான பொம்மைக் காட்சிதான் அதை வயதுவந்தோர் பிரிவுக்குத் தள்ளியது. அமெரிக்காவின் அளவுகோல் அது, அவர்கள் சினிமா ரேட்டிங்கிலும் இதே சாய்வு உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அளவுகோல் தவறு என்பதற்காக அதை ஏமாற்றலாம் என்று ஆகிவிடாது. விதி பிடிக்காத நிறுவனம் அதை வெளிப்படையாக எதிர்த்து வாதாடியிருக்கலாம்.

சரி, வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது? ஈஎஸ்ஆர்பி அரசு அமைப்பு இல்லை. 1993-இல் மார்ட்டல் காம்பாட், நைட் டிராப் போன்ற கேம்களைப் பற்றி செனட்டர்கள் ஜோ லீபர்மேனும் ஹெர்ப் கோலும் விசாரணை நடத்தி, நீங்களாக ஒன்று செய்கிறீர்களா இல்லை நாங்கள் சட்டம் போடட்டுமா என்ற நிலைக்குக் கொண்டுவந்தபோது, கேம் தொழிலே 1994-இல் ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு அது. அவர்கள் கேமை முழுதாக விளையாடிப் பார்த்து ரேட்டிங் கொடுப்பதில்லை. வெளியீட்டாளர் ஒரு கேள்வித்தாளை நிரப்பி, கேமில் இருப்பதிலேயே கடுமையான காட்சிகளைத் தொகுத்து வீடியோவாக அனுப்ப வேண்டும், பயிற்சி பெற்ற சிலர் அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். சான் ஆண்ட்ரியாஸ் போன்ற ஒரு கேமை முடிக்கவே பல பத்து மணி நேரம் ஆகும், வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் கேம்கள் வருகின்றன, அதனால் இந்த முறையை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். விளையாடிப் பார்த்திருந்தாலும் அடைத்த வழியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த ஏற்பாடு முழுக்க வெளியீட்டாளர் சொல்வது உண்மை என்ற ஒரே நம்பிக்கையில் நின்றது, ஹாட் காஃபி முறித்தது அதைத்தான்.

அதற்காக வாரியத்தை முழுதாக விட்டுவிடவும் முடியாது. 2005-க்கு முன்பே பிசி கேம்களை மாட் செய்வது பெரிய பழக்கமாக இருந்தது, டிஸ்கில் பயன்படாமல் கிடப்பதைத் தோண்டி எடுப்பது பலருக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. மறைத்து வைத்ததையும் சொல்லுங்கள் என்று கேள்வித்தாளில் ஒரு வரி முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். சம்பவத்துக்குப் பிறகுதான் அதைக் கட்டாயமாக்கினார்கள், வேண்டுமென்றே மறைத்தால் 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்றும் கொண்டுவந்தார்கள்.

இப்போது கடைக்கும் வீட்டுக்கும் வருவோம், ஏனென்றால் பொறுப்பு என்ற பேச்சு அங்கேதான் சிக்கலாகிறது.

அந்த ஜூலையிலேயே நியூயார்க்கில் 85 வயதுப் பாட்டி ஒருவர், தன்னை ஏமாற்றி இந்தக் கேமை விற்றுவிட்டதாக வழக்குப் போட்டார். கேமை அவர் வாங்கிக் கொடுத்தது 14 வயதுப் பேரனுக்கு. உடனே பலர், 17 வயதுக்கு மேல் என்று அட்டையிலேயே போட்டிருப்பதை 14 வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கு என்ன வழக்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கேம் வாங்கித் தரும் பெரியவர்களில் பலருக்கு அட்டை மூலையில் இருக்கும் ஒற்றை எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியாது, கேம் என்றால் குழந்தைகள் பொருள் என்றே நினைப்பார்கள். அந்தப் பாட்டி எழுத்தைப் பார்க்கவில்லை என்பது அவர் தவறு. ஆனால் பார்த்து, படித்து, 17 வயதுப் பையனுக்கு யோசித்து வாங்கிக் கொடுத்த ஒரு தாயோ தகப்பனோ இருந்திருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கும் அட்டை பொய்தானே சொன்னது. பெற்றோர் பொறுப்பு என்று சொல்ல வேண்டுமானால் பெற்றோர் கையில் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். நல்லதோ கெட்டதோ, அந்த எழுத்தை நம்பித்தான் வீட்டில் ஒருவர் முடிவெடுக்கிறார்.

நம் ஊரில் அந்த எழுத்துகூட வந்து சேரவில்லை. என் வயதுக்காரர்கள் பெரும்பாலானவர்கள் சான் ஆண்ட்ரியாஸைப் பார்த்தது பிரவுசிங் சென்டரில், இல்லையென்றால் ஒரு அண்ணன் கொடுத்த காப்பி டிவிடியில். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய வெள்ளை டிஸ்க், அதில் ஏது முத்திரை. எட்டாவது படிக்கும்போது நான் விளையாடினேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மாவுக்கு அது கார் ஓட்டுகிற கேம். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அமெரிக்கக் கடைகளைப் பற்றி எஃப்டிசியிடம் நல்ல கணக்கு இருக்கிறது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி, எம் ரேட்டிங் கேமை விற்கிறார்களா என்று அவ்வப்போது சோதித்தார்கள். 2000-இல் 85 சதவீதம் பேருக்குக் கேம் கிடைத்தது. 2003-இல் 69. ஹாட் காஃபிக்குப் பிந்தைய 2006-இல் 42, 2008-இல் 20, 2010-இல் 13. இந்த இறக்கத்துக்கு ஹாட் காஃபி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, 2003-இலேயே குறையத் தொடங்கிவிட்டது. ஆனால் கவுன்டரில் அடையாள அட்டை கேட்பது என்ற மிகச் சாதாரண வேலை எத்தனை பிள்ளைகளைத் தடுக்கிறது என்று பாருங்கள். ஒரு புதுச் சட்டமும் இல்லாமல் நடந்தது இது.

சட்டம் போடப் பார்த்தவர்கள் நிறையப் பேர். செனட்டர்கள் கிளின்டன், லீபர்மேன், எவன் பே மூவரும் 2005 டிசம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது தேறவில்லை. இல்லினாய் மாநிலம் சட்டமே போட்டது, நீதிமன்றம் அதே ஆண்டு அடித்துவிட்டது, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவாக 5 லட்சம் டாலருக்கு மேல் மக்கள் வரிப்பணத்திலிருந்து போயிற்று. கலிஃபோர்னியாவில் மாநில சட்டமன்ற உறுப்பினர் லேலண்ட் யீ கொண்டுவந்து ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்துப் போட்ட சட்டம், வன்முறைக் கேமைச் சிறாருக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்றது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜூன் 27 அன்று 7-க்கு 2 என்ற கணக்கில் அதுவும் விழுந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் இருக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு கேமுக்கும் உண்டு என்றார், குழந்தைகளுக்குச் சொல்லும் கிரிம் கதைகளிலேயே எவ்வளவு குரூரம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஹாட் காஃபி சமயத்தில் எழுந்த கூச்சலின் பெரும்பகுதி வன்முறைச் சட்டங்களாகத் திரும்பியது எனக்கு வருத்தம்தான். பிரச்சினை மறைத்ததில் இருந்தது, அதைத் திருத்த ஒரு மாநிலமும் சட்டம் எழுதவில்லை.

நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று? ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ தயாரிப்பை நிறுத்தி, கடைகளிலிருந்து திரும்பி வந்த கேம்களுக்காக மட்டும் 2 கோடியே 45 லட்சம் டாலரைக் கணக்கில் கழித்தது. காட்சியை நீக்கிய புதுப் பதிப்பு எம் ரேட்டிங்கோடு திரும்ப வந்தது. எஃப்டிசி 2006 ஜூனில் டேக்-டூவோடு சமரசத்துக்கு வந்தது. ரேட்டிங்குக்குத் தரும்போது டிஸ்கில் இருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், இனிமேல் மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 11,000 டாலர் வரை அபராதம். நடந்ததற்கு அபராதம் கிடையாது. வாங்கியவர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் ஆளுக்கு 35 டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய கேமுக்கு 2,676 பேர்தான் பணம் கேட்டு விண்ணப்பித்தார்கள். வக்கீல்கள் கேட்ட கட்டணம் 13 லட்சம் டாலர். நியூயார்க் நீதிபதி 2008 ஜூலையில் அதைக் கூட்டு வழக்காக நடத்தவே முடியாது என்று கலைத்துவிட்டார். பங்குதாரர்கள் போட்ட வழக்கில் மட்டும் டேக்-டூ 2009-இல் 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் கொடுத்து முடித்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தொடங்கிய விஷயத்தில் பெரிய தொகை போய்ச் சேர்ந்தது முதலீட்டாளர்களிடம்.

அந்த 2,676-ஐ வைத்து, பார்த்தீர்களா, யாரும் புண்படவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. 35 டாலருக்காக, இந்தக் காட்சி என்னைப் புண்படுத்தியது, இருப்பது தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தரும் அளவுக்கு யாரும் இல்லை என்பதுதான் அந்த எண் சொல்வது. தன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

இதே பாணியில் 2006 மே மாதம் இன்னொன்று நடந்தது. பெத்தெஸ்டா நிறுவனத்தின் ஆப்ளிவியன் கேமை, 13 வயதும் அதற்கு மேலும் என்ற டீன் பிரிவிலிருந்து எம்-க்கு மாற்றினார்கள். வாரியத்துக்குக் காட்டியதைவிட ரத்தக் காட்சிகள் கடுமையாக இருந்தன என்பது ஒரு காரணம், பிசி பதிப்பில் பூட்டிக் கிடந்த மேலாடை இல்லாத உருவத்தின் படக்கோப்பு ஒன்றை ஒரு மாட் வெளியே எடுத்தது இன்னொன்று. அங்கே மறைத்த காட்சி என்று ஒன்றுமே இல்லை, உடைக்குக் கீழே இருந்த உடம்பின் படம் மட்டும்தான் இருந்தது. இதையும் ஹாட் காஃபியையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு மாடர் புதிதாக வரைந்து சேர்ப்பதற்குக் கேம் செய்தவர் பொறுப்பாக முடியாது, செய்தவரே முழுதாகத் தயாரித்து டிஸ்கில் வைத்து அனுப்பியதற்கு மாடர் பொறுப்பாக முடியாது, ஆப்ளிவியன் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தகராறான கேஸ். ரத்தக் காட்சிகளுக்காக மட்டும் ரேட்டிங்கை மாற்றியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

யார் பொறுப்பு என்று கேட்டால் நான் முதலில் டேக்-டூவையும் ராக்ஸ்டாரையும் சொல்வேன், அதிலும் மறைத்ததைவிட ஹேக்கர் மேல் போட்டதற்கு அதிகமாக. அடுத்தது வாரியம், கேட்க வேண்டியதைக் கேட்காததற்கு. அப்புறம் அடையாள அட்டை கேட்காமல் விற்ற கடை. பெற்றோர் அதற்குப் பிறகுதான். மாடர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர் இல்லாமல் போயிருந்தால் எல்லோரும் பொய்யான எழுத்தைப் பார்த்தே வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த வழக்கு பழையது என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம், இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் போனுக்கு வரும் கேம்கள் எல்லாமே அதே நம்பிக்கையில் நிற்கின்றன. கூகுள் பிளேயில் ஒரு கேமின் பெயருக்குக் கீழே 3+, 12+, 18+ என்று நாம் பார்ப்பது, கேமை ஏற்றுகிறவர் ஐஏஆர்சி என்ற அமைப்பின் கேள்வித்தாளை நிரப்பியதும் தானாகவே விழும் ரேட்டிங். 2004-இல் நாலு பேராவது உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். இங்கே அந்த எண் விழுவதற்கு முன்னால் யாரும் எதையும் பார்ப்பதில்லை, புகார் வந்தால் பிறகு பார்ப்பார்கள். கேமுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட்டில் முன்பின் தெரியாதவர்கள் என்ன பேசுவார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் முன்கூட்டிச் சொல்லாது. போன வருஷம் என் அக்கா மகன் டவுன்லோட் செய்த ஒரு கேமில் 7+ என்று போட்டிருந்தது. இரண்டு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன், மூன்றாம் நாள் அக்காவிடம் சொல்லி அதை எடுக்கச் சொன்னேன். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

2021 நவம்பர் 11 அன்று ராக்ஸ்டார் மூன்று பழைய ஜிடிஏ கேம்களைப் புதுப்பித்து ஒரே தொகுப்பாக வெளியிட்டது. பிசி பதிப்பை உடனேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, தெரியாமல் சேர்ந்துவிட்ட சில கோப்புகளை நீக்க வேண்டியிருக்கிறது என்றார்கள், சில நாளில் திரும்ப வைத்தார்கள். அதற்குள் கோப்புகளைப் பிரித்துப் பார்த்த ஆர்வலர்கள், சான் ஆண்ட்ரியாஸ் ஸ்கிரிப்டில் ஹாட் காஃபியின் மிச்சம் அப்படியே கிடப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். இந்த முறை ஹேக்கர்கள் செய்தது என்று ராக்ஸ்டார் சொல்லவில்லை.